வலக்காலுக்கு வந்த சம்பந்தம்

பெம்பிளை பாக்க வாறவைகூட முதல்லை முகத்தைத்தான் பாப்பினம். என்ரை பெடியனைப் பாக்க வந்த அமெரிக்கக் கம்பஸ்காரர் நேரே காலைத்தான் பாத்தவை. அதுவும் வலக்காலை மட்டும். அவனுக்கு இடக்கால் எண்டு ஒண்டு இருக்கிறது கடைசி மட்டும் அவைக்குத் தெரியாமலே போட்டுது எண்டு நினைக்கிறன்.

நான் சிறிதேவி. ஒஸ்லோவிலை ஹவுகன்ஸ்டுவா புளொக் ஒண்டிலை இருக்கிறம். நான் பார்னஹாகேயிலை வேலை. சின்னப்பிள்ளையளின்ரை மூக்கைத் துடைச்சு, சண்டையை விலக்கி, சப்பாத்துப் போட்டுவிடுறதுதான் தொழில். ஆனபடியால் அடம்பிடிக்கிறவை, பொய் சொல்லுறவை, எல்லாம் தங்களுக்குத்தான் வேணும் எண்டு நிக்கிறவை எல்லாரையும் எனக்கு வடிவாத் தெரியும். மனிசன் மகேந்திரராசா பஸ் ஓடுறார். எங்களுக்கு ஒரேயொரு பெடியன், தக்சன். பத்தொன்பது வயசு.

தக்சன் பள்ளிக்கூடத்திலை மின்சார வேலை படிச்சவன். படிச்சு முடிச்சாப் பிறகு ஒரு கம்பனியிலை லார்லிங்கா, அதாவது சம்பளத்தோடை தொழில் பழகிற ஆளா, எடுபட்டாத்தான் இந்த நாட்டிலை கரண்டுக்காரன் ஆகலாம். அந்த இடம் கிடைக்கிறது லேசில்லை. பேரைப் பாத்திட்டே மறுமொழி போடாத கம்பனியள் இருக்கு. கடைசியா அல்னாபுருவிலை ஒரு கம்பனி ஓம் எண்டுது. அண்டைக்குப் பெடியன் சோறு சாப்பிடேக்கை தன்பாட்டிலை சிரிச்சுக்கொண்டிருந்தவன். இனி இவன் தப்பினான் எண்டு நானும் நிம்மதியா இருந்தனான். அதுக்குள்ளைதான் இந்தக் கோதாரி வந்து சேர்ந்துது.

சினேகிதன் ரிசாந் கூப்பிட்டான் எண்டு தக்சன் ஞாயிற்றுக்கிழமையளிலை அமெரிக்க ஃபுட்போல் விளையாடப் போறவன். அந்த விளையாட்டை நானும் ஒருக்காப் போய்ப் பாத்தனான். மூண்டு மணித்தியாலம் நடந்துது. அதிலை விளையாடினது கொஞ்ச நேரம், மிச்ச நேரமெல்லாம் நிண்டு கதைச்சவை. தலையிலை சட்டி கவிட்டுக்கொண்டு ஒருத்தனை ஒருத்தன் இடிச்சு விழுத்துறான்கள். எல்லாரும் விழுந்து எழும்பினாப் பிறகு என்ரை பெடியன் உடுப்பிலை ஒரு ஊத்தையும் படாமல் நடந்து வந்து, பந்தை ஒரு அடி அடிச்சிட்டு, திரும்பிப் போறான். அவ்வளவுதான். உடுப்புத் தோய்க்கிறவள் எண்ட முறையிலை எனக்கு அந்த விளையாட்டு நல்லாப் பிடிச்சிருந்தது.

ஒருநாள் தக்சன் அடிச்ச அடியிலை பந்து எங்கடை புளொக்கின்ரை கூரையைத் தாண்டி அங்காலை கார் நிப்பாட்டுற இடத்திலை விழுந்துது. ரிசாந் அதைப் படம் பிடிச்சு இணையத்திலை போட்டான். புளொக் நிர்வாகம் எங்களுக்கு எச்சரிக்கை அனுப்பினது. அமெரிக்கா ஆன்ட்ரியாசை அனுப்பினது.

ஆன்ட்ரியாஸ் நோர்வேக்காரன். நல்ல உயரம், நல்ல பல்லு. வந்து இருந்த கையோடை ஆட்டிறைச்சி ரோல்சிலை ஐஞ்சை முடிச்சுப்போட்டுக் கதைக்கத் தொடங்கினான். அவன் நொஷ்க்கிலை, அதுதான் நோர்வே மொழியிலை, கதைச்சதைத் தமிழிலை சொன்னால் இப்பிடித்தான் வரும்: "நான் தரகர் அல்ல. தரகர்களை எனக்கே பிடிக்காது. நான் உங்கள் மகனின் பயணத் துணைவன். பயணத்தில் கிடைப்பதில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் நினைவாக வைத்துக்கொள்வேன்." பிறகு தக்சனைக் காற்சட்டையை மடிக்கச் சொல்லி, முழங்காலுக்குக் கீழை தட்டிப் பாத்து, போனிலை படம் எடுத்து அனுப்பினான். "அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் இவரை விரும்புகிறது," எண்டான்.

பல்கலைக்கழகம் எண்ட சொல்லைக் கேட்டவுடனை என்ரை மனிசன்ரை முகம் மாறிப்போட்டுது. இதை விளங்கப்படுத்த வேணும். எங்கடை யாழ்ப்பாணத்து ஆக்களுக்குக் கம்பஸ் எண்டால் மூலஸ்தானம். கம்பசுக்கு எடுபட்டவன், எடுபடாதவன் எண்டு மனிசர் இரண்டே இரண்டு சாதி. மனிசன்ரை தமையன் அருளானந்தன் எடுபட்டவர். எஞ்சினியர். இப்ப ஸ்தவாங்கரிலை எண்ணைக் கம்பனி ஒண்டிலை இருக்கிறார். இவர் கொஞ்சப் புள்ளியாலை விடுபட்டவர். அண்டையிலை இருந்து தமையனுக்கு இவர் எதிர்க்கதை கதைக்கிறேல்லை. சாம்பாறுக்கு உப்புக் காணாது எண்டு தமையன் சொன்னால் இவர் ஓம் எண்டுவார், நான் சாம்பாறு வைக்காத நாளிலும்.

ஆன்ட்ரியாஸ் படியிறங்க முதலே இவர் ஸ்தவாங்கருக்குப் போன் போட்டார். "அண்ணை, பெடியன் கம்பசுக்கு எடுபட்டிட்டான். அமெரிக்காவிலை." அங்காலை கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் இந்த மனிசன் இவ்வளவு காலமும் காத்துக்கொண்டு இருந்தது. எனக்கு அது விளங்கினது. அதாலைதான் நானும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தனான்.

அடுத்த கிழமை அந்தக் கம்பஸ் அணியின்ரை கோச் கம்ப்யூட்டர் திரையிலை எழுந்தருளினார். கம்பசின்ரை பேர் ஹார்லோ ஸ்டேட். அணியின்ரை பேர் முள்ளம்பன்றியள். சிங்கம், புலி, கரடி எல்லாத்தையும் வேறை கம்பசுகள் எடுத்துப்போட்டுதாம். கோச்சுக்குப் பின்னாலை சுவரிலை ஒரு பெரிய முள்ளம்பன்றி சிலிர்த்துக்கொண்டு நிண்டுது.

"திருமதி சிறிதேவி, இன்றிலிருந்து உங்கள் மகன் என் மகன்," எண்டார். எனக்குச் சுர்ரெண்டு ஏறிச்சுது. பெத்தது நான். உந்த மனிசனை நான் முன்பின் கண்டதும் இல்லை. அவர் நிப்பாட்டேல்லை. "எனக்கு நூற்றைந்து மகன்கள். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித்தான் அழைப்பேன்," எண்டு சொல்லிப்போட்டுக் குனிஞ்சு பேரை வாசிச்சார். "டாக்... சோன். ஒரு தகப்பன் மகனைக் கைவிடுவதில்லை. நான் இந்தப் பல்கலைக்கழகத்தை விட்டு எங்கும் போகமாட்டேன். கடைசியாக இருந்த மூன்று பல்கலைக்கழகங்களிலும் இதையேதான் சொன்னேன்."

இவர் கண் கலங்கிப்போய் இருந்தார். கோச்சுக்குக் கும்பிடு வேறை போட்டார்.

யூன் மாதம் அந்தக் கம்பசிலை இருந்து கரோலினா வந்து இறங்கினா. அவவின்ரை பதவிக்குப் பேர் 'பெயர், உருவம், சாயல் ஆகியவற்றுக்கான இயக்குநர்'. எங்கடை வீட்டுச் சோபாவிலை இருந்து அவ விளங்கப்படுத்தினதைச் சுருக்கிச் சொல்லுறன். முந்தி கம்பசிலை விளையாடுற பெடியங்களுக்குக் காசு குடுக்கிறது பெரிய குற்றமாம். இப்ப குடுக்காட்டில்தான் குற்றமாம். ஆனால் அதைச் சம்பளம் எண்டு சொல்லக்கூடாது. ஊர்க் கடைக்காரர் பெடியனின்ரை பேரையும் மூஞ்சையையும் விளம்பரத்துக்கு வாடகைக்கு எடுப்பினம். அதுக்குத்தான் காசு. பந்தடிக்கிறதுக்கு ஒரு சதமும் இல்லை, ஏனெண்டால் பந்தடிக்கிறது கல்வியாம்.

"இது பணத்தைப் பற்றிய விடயமே அல்ல," எண்டு கரோலினா சொன்னா. அதைச் சொல்லிச் சொல்லியே பணத்தைப் பற்றி இரண்டு மணித்தியாலம் கதைச்சா.

ஒரு சிக்கல் இருந்துது. படிக்கப் போற வெளிநாட்டுப் பிள்ளை அமெரிக்க மண்ணிலை நிண்டு உழைக்கக் கூடாது. விசாச் சட்டம். அதைக் கேட்டவுடனை எனக்குச் சந்தோசமா இருந்துது, சனியன் இத்தோடை விட்டுது எண்டு. கரோலினா சிரிச்சா.

"அமெரிக்க மண்ணில் உழைக்கக் கூடாது. உண்மை. ஆனால் நோர்வே மண்ணில் நின்று அமெரிக்காவுக்காக உழைப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ஆகவே நான்கு வருடத்து விளம்பரங்களையும் இந்த ஒரு கிழமையில் ஒஸ்லோவிலேயே எடுத்து முடித்துவிடுவோம். சட்டத்தை மதிப்பதில் எங்களை மிஞ்ச ஆளில்லை."

மெய்யாத்தான் சொல்லுறன், அப்பிடியேதான் செய்தவை. முதல் நாள் பிக்கப் வாகனக் கடைக்கு. அவ்வளவு பெரிய வாகனம் ஒஸ்லோவிலை அகப்படேல்லை. ஆனபடியால் தக்சன் எங்கடை சின்ன மின்சாரக் காரிலை சாஞ்சு நிண்டு, "இந்த இயந்திரத்தின் உறுமல்தான் என் இதயத் துடிப்பு" எண்டான். கார் சத்தமே போடாத கார். அதைப் பிறகு பெருப்பிப்பினமாம், உறுமலையும் பிறகு போடுவினமாம். அடுத்தது மெத்தைக் கடை. அதுக்கடுத்தது பொரிச்ச கோழிக் கடை. பெடியனுக்கு உறைப்பில்லாத கோழி இறங்காது. ஒவ்வொரு கடியும் கடிச்சுக் கமராவுக்குச் சிரிச்சுப்போட்டு வாளிக்குள்ளை துப்பினான்.

மூண்டாம் நாள் கறுத்த கோட்டுப் போட்டு, கையிலை வெள்ளைப் பூவைக் குடுத்து நிப்பாட்டினவை. "துயரமான வேளையில் நாங்கள் உங்களோடு" எண்டு சொல்லவேணுமாம். செத்தவீட்டுக் கடை விளம்பரம்! எனக்கு வந்துதே விசர். "கலியாணங்காட்சி காணாத பிள்ளையைச் சவப்பெட்டிக்குப் பக்கத்திலை நிப்பாட்டுறியளோ? உங்களுக்கு அறிவு கிறிவு இருக்கோ?" எண்டு சத்தம் போட்டன். தக்சன் அதை இங்கிலீசிலை கொஞ்சம் தணிச்சுச் சொன்னான். கரோலினா என்ரை தோளிலை கைவைச்சு, "உங்கள் உணர்வு புரிகிறது. ஆனால் அவர்களுடைய வாடிக்கையாளர்கள் ஒருவரும் இதுவரை முறைப்பாடு செய்ததில்லை," எண்டா.

நாலாம் நாள், சனம் ஏறி நடக்கிற ஒப்பரா மண்டபக் கூரையிலை நிண்டு வருசவாரியா எடுத்தவை. முதலாம் வருசத்துக்குச் சவரம் செய்த முகம். நாலாம் வருசத்துக்குப் பென்சிலாலை தாடி. வெண்ட மேட்சுக்கு நன்றி. தோத்த மேட்சுக்குக் கவலை. பிறகு ஒரு மன்னிப்பு. கடைசி நிமிசத்திலை பந்தைப் பிழையா அடிச்சு அணியைத் தோக்கடிச்சதுக்கு ரசிகர்களிட்டை மன்னிப்பு.

"எந்த மேட்சிலை?" எண்டு தக்சன் கேட்டான்.

"அது இன்னும் நடக்கவில்லை. எதிரணியின் பெயர் வரும் இடத்தில் கொஞ்சம் இருமுங்கள், பிறகு நிரப்பிக்கொள்வோம்," எண்டா கரோலினா.

என்ரை பிள்ளை செய்யாத பிழைக்கு, போகாத ஊரிலை, காணாத சனத்திட்டை, கீறின தாடியோடை இருமி இருமி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிண்டான். சுற்றுலா வந்த சனம் இவனுக்கு என்ன வருத்தமோ எண்டு விலகிப் போச்சுது. 

என்னையும் விடேல்லை. மகனை வழியனுப்பித் தாய் அழுகிறமாதிரி வேணுமாம். விமான நிலையத்திலை படம்பிடிக்க அனுமதி எடுக்க மறந்துபோச்சினமாம், ஆனபடியால் ஹவுகன்ஸ்டுவா ரெயில் ஸ்டேசனிலை. "அழும் தாய் எங்கள் சந்தையில் மிகவும் மதிப்புள்ள சொத்து," எண்டு கரோலினா சொன்னா. எனக்கு அழுகை வரேல்லை, ஆத்திரம்தான் வந்துது. அதையே எடுத்துப்போட்டு, "பரவாயில்லை, இதை உடற்பயிற்சிக் கருவிக்குப் பயன்படுத்துவோம்," எண்டா.

வெள்ளிக்கிழமை அல்னாபுருக் கம்பனியிலை இருந்து போன் வந்துது. திங்கட்கிழமைக்குள்ளை தக்சன் கையெழுத்து வைக்காட்டில் அந்த இடம் அடுத்த ஆளுக்கு. இஞ்சை சனிக்கிழமை கம்பஸ் கையெழுத்து விழா. அந்த ஒப்பந்தத்திலை வலக்காலுக்கெண்டே தனி அத்தியாயம் இருந்துது. ஏணியிலை ஏறக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, வழுக்கிற நிலத்திலை நடக்கக்கூடாது. ஏணி ஏறாத கரண்டுக்காரன் எங்கை இருக்கிறான்? சனிக்கிழமை அங்கை வைச்சால் திங்கட்கிழமை இஞ்சை இல்லை. அவ்வளவுதான் கதை.

குசினிக்குள்ளை பெடியனைத் தனியப் பிடிச்சன்.

"நீ என்னடா சொல்லுறாய்?"

"அப்பாவைப் பாத்தனீங்களோ அம்மா? பஸ்ஸிலை ஏறுற ஆக்களுக்கெல்லாம் சொல்லுறார்."

"நான் அவரைக் கேக்கேல்லை. உன்னைக் கேட்டனான்."

"டெ கோர் ப்ரா, அம்மா," எண்டான். பரவாயில்லை எண்டு நொஷ்க்கிலை சொல்லுறது. இந்த நாட்டிலை ஒருத்தன் டெ கோர் ப்ரா எண்டால் ஒண்டுமே சரியில்லை எண்டு அர்த்தம். கால் முறிஞ்சு கிடக்கிறவனும் அதைத்தான் சொல்லுவான்.

இவரிட்டைப் போனன். "இஞ்சாருங்கோ, அவனுக்குக் கரண்டு வேலையிலைதான் விருப்பம்." இவர் ஸ்திரிக்கைப் பெட்டியாலை சேட்டு மினுக்கிக்கொண்டு நிண்டார். "கரண்டு வேலை எங்கையும் ஓடிப்போகாது. கம்பஸ் ஒருக்காத்தான் வரும். எனக்குத் தெரியும் சிறிதேவி, அது போனால் திரும்பி வராது," எண்டார். 

சனிக்கிழமை ஸ்டோவ்னரிலை மண்டபம். அருளானந்தன் ஸ்தவாங்கரிலை இருந்து விமானத்திலை வந்து முன்வரிசைக் கதிரையிலை கால்மேலை கால்போட்டு இருந்தார். சனம் சேலையும் நகையுமா வந்து நிறைஞ்சுது. பெடியன் கம்பசுக்குப் போறான் எண்டால் சும்மா கையை வீசிக்கொண்டு வருவினமோ? எங்கடை வழக்கப்படி ஒவ்வொருத்தரும் தக்சனின்ரை கையிலை ஒரு காசுக் கவரை வைச்சு, கன்னத்தைத் தடவிப்போட்டுப் போய் இருந்தவை.

முதல் கவரைக் கண்டவுடனை கரோலினா பாய்ஞ்சு வந்தா. "இது என்ன? இவர் யார்? இவர் என்ன வணிகம் நடத்துகிறார்?"

குடுத்தது இராசமணி அன்ரி. ஆஸ்பத்திரி துப்புரவு வேலையிலை இருந்து பென்சன் எடுத்தவ. பிள்ளைக்கு அன்பாக் குடுக்கிறது எண்டு நான் சொல்ல, ஆன்ட்ரியாஸ் மொழிபெயர்த்தான்.

"அன்பு!" எண்டு கரோலினா தலையிலை கைவைச்சா. "எங்கள் சட்டம் மிகத் தெளிவானது. வீரருக்கு யாரும் எவ்வளவும் கொடுக்கலாம், ஆனால் அதற்கு உண்மையான வணிக நோக்கம் இருக்க வேண்டும். அன்பு அந்தப் பட்டியலில் இல்லை. வாகனக் கடைக்காரர் கொடுத்தால் அது சந்தை. இந்த அம்மா அன்பாகக் கொடுத்தால் அது ஊழல்."

திருப்பிக் குடுக்கேலுமோ? குடுத்த கவரைத் திருப்பினால் இராசமணி அன்ரி செத்தாலும் எங்கடை வாசல் மிதியா. கடைசியா ஆன்ட்ரியாஸ்தான் வழி கண்டுபிடிச்சான். கவர் தந்த ஒவ்வொருத்தருக்கும் தக்சன் ஒரு விளம்பரம் செய்துவிட்டால் எல்லாம் சட்டப்படி வந்திடுமாம். அப்ப இராசமணி அன்ரிக்கு என்ன தொழில்? அன்ரி வடை சுட்டுக்கொண்டு வந்திருந்தா. தக்சன் வடையைக் கமராவுக்குக் காட்டி, "களத்தில் என் கால், களைப்பில் இராசமணி வடை" எண்டான். "உள்ளி போட்டதெண்டும் சொல்லு தம்பி," எண்டா அன்ரி.

அதோடை துலைஞ்சுது. மண்டபம் முழுக்க வரிசையிலை நிண்டுது. ஒராளுக்குத் தன்ரை பழைய கார் ரயரை விக்க வேணும். இன்னொராளுக்கு மகளின்ரை அரங்கேற்றத்துக்குச் சனம் வேணும். பிள்ளைக்கு மாப்பிள்ளை தேடுற ஒரு மனிசி, "கால் விளம்பரத்தோடை எங்கடை டிலக்சியையும் ஒருக்காச் சொல்லிவிடு ராசா" எண்டா. ஆசீர்வாதம் பண்ண வந்த சனம் முழுக்க அரைமணித்தியாலத்திலை வியாபாரியா மாறிப்போட்டுது. கரோலினாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "பார்த்தீர்களா, எவ்வளவு இயல்பாக வருகிறது!" எண்டா.

பிறகு மேடை ஏறிப் பேசினா. "நாங்கள் முதலில் ஒரு கல்வி நிறுவனம். அதனால்தான் எங்கள் விளையாட்டரங்கு நூலகத்தைவிட இருபது மடங்கு பெரியது. கல்வியைத் தூரத்திலிருந்தே மக்கள் காண வேண்டும் அல்லவா? சென்ற ஆண்டு வேதியியல் கட்டடத்தை இடித்து, வீரர்களின் உடைமாற்றும் அறைக்கு ஒரு நீர்வீழ்ச்சி அமைத்தோம். வேதியியல் மாணவர்கள் வருந்தினார்கள். ஆனால் நீரும் ஒரு வேதிப்பொருள்தான் என்று விளக்கிச் சொன்னோம்." சனம் கைதட்டிச்சுது. அருளானந்தனும் தட்டினார்.

அடுத்தது தொப்பி. மேசையிலை நாலு தொப்பி பரப்பி வைச்சவை, நாலு கம்பசின்ரை. அதிலை மூண்டு கம்பஸ் இவனைக் கேட்டதே இல்லை. "தெரிவு இருப்பதாகத் தெரிய வேண்டும்," எண்டான் ஆன்ட்ரியாஸ். தக்சன் கொஞ்ச நேரம் யோசிக்கிறமாதிரி இருந்து, மற்றத் தொப்பியளை ஒருக்காத் தடவி, பிறகு முள்ளம்பன்றித் தொப்பியைத் தூக்கித் தலையிலை வைக்க வேணும்.

எங்கடை சனத்துக்கு இது புதினமில்லை. குழந்தைக்குப் பல்லு முளைச்சவுடனை பல்லுக்கொழுக்கட்டை அவிச்சு, பிள்ளைக்கு முன்னாலை புத்தகம், பேனை, நகை, கத்தி எண்டு பரப்பி வைச்சு, எதைத் தூக்குது எண்டு பாக்கிறனாங்கள்தானே. புத்தகத்தைத் தூக்கினால் படிப்பு. இவருக்கும் அந்த நினைப்புத்தான் வந்திருக்கு. கம்பசுக்குப் போற பிள்ளைக்குத் தொப்பியை மட்டும் வைச்சால் காணுமோ எண்டு, வீட்டிலை கிடந்த தடிச்ச புத்தகம், தக்சன் பள்ளிக்கூடத்திலை படிச்ச மின்சாரப் புத்தகத்தையும் ஒரு பேனையையும் கொண்டுவந்து, தொப்பியளுக்கு நடுவிலை பக்குவமா வைச்சார்.

கரோலினா கிட்ட வந்து பாத்தா. "இது எந்தப் பல்கலைக்கழகம்?"

"புத்தகம்," எண்டார் இவர்.

"தெரிகிறது. ஆனால் இதற்கு நாங்கள் உரிமை வாங்கவில்லை. கமராவையும் திசைதிருப்புகிறது. பல்கலைக்கழகத்துக்குப் போகிற வீரரின் மேசையில் புத்தகம் இருந்தால் ரசிகர்கள் குழம்பிப்போவார்கள்," எண்டு சொல்லி, இரண்டு விரலாலை அதைத் தூக்கி மேசைக்குக் கீழை நிலத்திலை போட்டா. சப்பாத்துக் காலுக்குப் பக்கத்திலை.

 எங்கடை ஆக்களுக்குப் புத்தகத்திலை தவறிக் கால் பட்டாலே தொட்டுக் கும்பிடவேணும். இவர் குனிஞ்சு அந்தப் புத்தகத்தை எடுத்தார். தூசியைத் துடைச்சார். கண்ணிலை ஒத்தினார். பிறகு நிமிர்ந்து, வந்த நாள் தொட்டு ஒருத்தரும் கேக்காத கேள்வியைக் கேட்டார்.

"பிள்ளை அங்கை என்ன படிக்கப்போறான்?"

ஆன்ட்ரியாஸ் மொழிபெயர்த்தான். கரோலினாவுக்கு விளங்கேல்லை. திரும்பவும் மொழிபெயர்த்தான். அவ தன்ரை கம்ப்யூட்டரைத் திறந்து மேலையும் கீழையும் தேடினா. காலின்ரை நீளம் இருந்துது, சப்பாத்து அளவு இருந்துது, செத்தவீட்டுக் கடை இருந்துது. "இந்தக் கேள்வி எங்களுக்கு இதுவரை வந்ததில்லை," எண்டு சொல்லிப்போட்டு அமெரிக்காவுக்குப் போன் போட்டா. கல்விப் பொறுப்பாளராம், நித்திரைப் பாயாலை எழும்பின குரலிலை ஒராள் ஒலிபெருக்கியிலை கதைச்சார்.

"எந்த நேரத்தில் பயிற்சி இல்லையோ, அந்த நேரத்தில் என்ன பாடம் நடக்கிறதோ அதைப் படிப்பார். அதாவது செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணி. பொழுதுபோக்கு முகாமைத்துவம். ஆனால் பெற்றோர் கவலைப்பட வேண்டாம். வகுப்புக்குப் போக ஒருவர், குறிப்பு எடுக்க ஒருவர், கட்டுரை எழுத ஒருவர் இருக்கிறார்கள். உங்கள் மகன் படிப்பால் சிரமப்பட நாங்கள் விடவேமாட்டோம்."

இவர் புத்தகத்தை நெஞ்சோடை பிடிச்சபடி நிண்டார். "அப்ப உங்களுக்குக் கம்பஸ் என்னத்துக்கு?" எண்டு கேட்டார். கோபமாக் கேக்கேல்லை. மெய்யாத் தெரியாமல்தான் கேட்டார்.

கரோலினா, பாவம், அவவும் நேர்மையாத்தான் மறுமொழி சொன்னா. "பல்கலைக்கழகம் இல்லாவிட்டால் அணியின் சட்டையில் என்ன பெயரைப் போடுவது?"

இவர் பெடியனைப் பாத்தார். தமையனைப் பாக்கேல்லை, சனத்தைப் பாக்கேல்லை. "தக்சன், எழும்படா," எண்டார்.

"உண்மையாவோ அப்பா?"

"எழும்பு. வீட்டை போவம்."

பெடியன் எழும்பின வேகத்திலை கதிரை பின்னாலை விழுந்துது. நாலு தொப்பியும் மேசையிலை கிடக்க, அந்த வலக்காலும் இடக்காலும் சேர்ந்து படியிறங்கி வந்துது. எனக்கு அழுகை வந்துது. ஸ்டேசனிலை வராத அழுகை.

பின்னாலை கரோலினா கத்திக்கொண்டு ஓடிவந்தா. கோபிக்கிறா எண்டு நினைச்சன். "அற்புதம்! அந்த எழும்புதலை இன்னொருமுறை செய்ய முடியுமா? கதிரை விழுந்ததில் அதன் முதுகில் இருந்த மெத்தைக் கடையின் பெயர் மறைந்துபோனது."

வீட்டை நடந்து வரேக்கை தக்சன் வீதியோரத்திலை நிண்டு போனை எடுத்து, அல்னாபுருக் கம்பனியின்ரை ஒப்பந்தத்துக்கு விரலாலை கையெழுத்து வைச்சான். தொப்பியும் இல்லை, கைதட்டலும் இல்லை. வைச்சுப்போட்டு, "சாப்பாடு என்ன அம்மா?" எண்டான். அந்தக் கோச் இரண்டு நாளைக்குப் பிறகு வேறை கம்பசுக்கு மாறிப்போட்டார் எண்டு ரிசாந் சொன்னான். அங்கை அவருக்கு எத்தினை மகன்மாரோ தெரியாது.

அண்டைக்கு அருளானந்தனும் எங்களோடை வீட்டை வந்தார். சோபாவிலை இருந்து, நான் குடுத்த தேத்தண்ணியை ஒரே மூச்சிலை குடிச்சு முடிச்சிட்டு, வழி முழுக்க அடக்கி வைச்சதை அவிட்டுவிட்டார்.

"சனத்தைக் கூப்பிட்டு வைச்சு மானத்தை வாங்கிப்போட்டாயடா. இனி ஆரின்ரை மூஞ்சையிலை முழிக்கப்போறாய்?"

இவர் நிலத்தைப் பாத்துக்கொண்டு இருந்தார். "நான் கம்பஸ் எண்டால் படிக்கிற இடம் எண்டு நினைச்சுப்போட்டன் அண்ணை," எண்டார்.

"நீ போயிருந்தால் தெரிஞ்சிருக்கும்," எண்டார் அருளானந்தன்.

இவ்வளவு காலமும் நான் அந்த மனிசனுக்குத் தேத்தண்ணிதான் ஊத்திக் குடுத்தனான், வாய் காட்டினதில்லை. அண்டைக்கு ஏலாமல் போச்சுது.

"அத்தான், நீங்கள் போனனீங்கள்தானே. கூடப்பிறந்தவனோடை இப்பிடிக் கதைக்கிறதை உங்களுக்கு எத்தினையாம் வருசத்திலை படிப்பிச்சவை?"

அருளானந்தன் வாயைத் திறந்தார்.  திறந்த வாயைக் கோப்பையாலை மறைச்சார், கோப்பையிலை தேத்தண்ணி முடிஞ்சு கனநேரம். இவர் தமையனைப் பாத்தார், பிறகு என்னைப் பாத்தார், பிறகு வாய்விட்டுச் சிரிக்கத் தொடங்கினார். நிப்பாட்டேலாமல் சிரிச்சார். தமையனுக்கு முன்னாலை என்ரை மனிசன் சிரிச்சு நான் அண்டைக்குத்தான் முதன்முதலாக் கண்டனான்.